பின்சீட்டுக்கு அடியில் ஓர் இடம்

வோக்ஸ்வாகன் நிறுவனம் 2014-இல் கோல்ஃப் ஜிடிஇ என்ற ப்ளக்-இன் ஹைபிரிட் காரை ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதைய சாதாரண பெட்ரோல் கோல்ஃபின் டிக்கி 380 லிட்டர்; ஜிடிஇ-யின் டிக்கி 272 லிட்டர். இரண்டுக்கும் உடற்கூடு ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் உடல் அளவில் வித்தியாசம் தெரியாது. அப்படியிருக்க, 108 லிட்டர் இடம் எங்கே போனது?

பேட்டரி பிடித்துக்கொண்டது என்றுதான் எவருக்கும் சொல்லத் தோன்றும். டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி, அதன் கீழுள்ள பலகையையும் எடுத்துப் பார்த்தால் அங்கே அந்தப் பேட்டரி இல்லை. பேட்டரி அதற்கு முன்னால், பின்சீட்டுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. டிக்கித் தரையைக் கீழிருந்து மேலே தள்ளியிருப்பது பெட்ரோல் டேங்க். சாதாரண கோல்ஃபில் பின்சீட்டுக்கு அடியில் 50 லிட்டர் டேங்காக இருந்தது, இதில் 40 லிட்டராகச் சுருங்கி, பின்னச்சின் மேல் போய் ஏறிக்கொண்டது. பேட்டரி டேங்கைத் தள்ளியது, டேங்க் நம் பெட்டியைத் தள்ளியது.

ப்ளக்-இன் ஹைபிரிட் காரின் டிக்கியைப் பற்றிய கதை முழுக்க இந்த ஒரு தள்ளுமுள்ளிலிருந்து பிறக்கிறது. பெட்ரோல் காருக்கு எஞ்சின், டேங்க், புகைக்குழாய் போதும். மின்சாரக் காருக்கு மோட்டார், பேட்டரி, சார்ஜர் போதும். ப்ளக்-இன் ஹைபிரிட்டுக்கு இந்த இரண்டு பட்டியலும் முழுசாக வேண்டும். வீட்டுச் சுவர்ப் பிளக்கில் சொருகி இரவில் சார்ஜ் ஏற்றி, தினசரி ஓட்டத்தை மின்சாரத்திலேயே முடித்து, நீண்ட பயணத்துக்கு மட்டும் பெட்ரோலைத் தொடும் வசதிக்கு நாம் தரும் விலை பணத்தில் மட்டும் இல்லை, கன அளவிலும் இருக்கிறது.

பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு? காரில் மோதல் அடி அதிகம் எட்டாத இடம் அது. முன்பக்கம் மோதினால் எஞ்சின் அறை நசுங்கும். பின்பக்கம் மோதினால் டிக்கி நசுங்கும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு ஒட்டி இருப்பது கடைசியில்தான் நசுங்கும். எரியக்கூடிய எதையும் வைப்பதற்கு அதுவே தகுந்த இடம். இந்தப் பாடத்தை வாகன உலகம் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1971 மாடலாக அறிமுகமான ஃபோர்டு பின்ட்டோ காரில் டேங்க் பின்னச்சுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து மோதியபோது தீப்பற்றிய விபத்துகளுக்குப் பிறகு, 1978-இல் சுமார் 15 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்க அரசு 1977 மாடல்கள் முதல் பின்மோதல் சோதனையையும் கட்டாயமாக்கியது. அதன்பின் வந்த பெரும்பாலான கார்களில் டேங்க் பின்சீட்டுக்குக் கீழே குடியேறிவிட்டது.

இப்போது அதே இடத்தைப் பேட்டரியும் கேட்கிறது. அதன் காரணமும் அதேதான்: லித்தியம் செல்கள் நசுங்கக் கூடாது. கனமான பொருள் தாழ்வாகவும் நடுவிலும் இருந்தால் கார் வளைவுகளில் நிதானமாகவும் இருக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடும்போது, பெரும்பாலான பொறியாளர்கள் பேட்டரிக்குத்தான் தீர்ப்பு எழுதினார்கள். டேங்க் அச்சின் மேலே ஏறியது. அச்சுக்குப் பின்னால் பின்ட்டோவில் இருந்ததைப் போல அது ஆபத்தான இடமில்லை. ஆனால் அங்கே உயரம் வேண்டும். அந்த உயரம் டிக்கியின் கணக்கில் எழுதப்படுகிறது.

பேட்டரியைச் சின்னதாகச் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கே இயற்கையின் கணக்கு கறாராக இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 8.9 யூனிட் ஆற்றல் கிடைக்கும். யூனிட் என்பது நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் வரும் அதே கிலோவாட்-மணி. கோல்ஃப் ஜிடிஇ-யின் பேட்டரி 8.7 யூனிட், எடை 120 கிலோ. அதாவது ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில், முக்கால் கிலோ திரவத்தில் இருக்கும் ஆற்றலைத் தூக்க 120 கிலோ தேவைப்படுகிறது. எஞ்சின் அந்த ஆற்றலில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மோட்டார் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் கொடுக்கும். அதையும் கணக்கில் சேர்த்தால், அந்தப் பேட்டரி சுமார் மூன்று லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்கிறது. பேட்டரியின் உள்ளே செல்கள் மட்டும் இல்லை. மோதலைத் தாங்கும் உலோகக் கூடு, செல்களின் சூட்டைத் தணிக்கும் குழாயோ விசிறியோ, ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் கவனிக்கும் மின்னணுத் தட்டுகள், அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேக்கள் எல்லாம் இடம் பிடிக்கின்றன.

செல்கள் வருடத்துக்கு வருடம் தேறித்தான் வருகின்றன. 2024-இல் வந்த கோல்ஃப் இ-ஹைபிரிட்டின் பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய ஆற்றலே 19.7 யூனிட், பழைய ஜிடிஇ-யின் மொத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டிக்கி 273 லிட்டர், ஏறக்குறைய பழையபடியே. செல் தொழில்நுட்பம் முன்னேறியதன் லாபம் முழுவதையும் மின்சாரத்தில் ஓடும் தூரத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பெட்டி வைப்பவருக்கு ஒரு கைப்பிடி இடம்கூடத் திரும்பவில்லை. தினமும் நீண்ட தூரம் வேலைக்குப் போய்வருபவருக்கு இது நல்ல பேரம். வாரக் கடைசியில் நான்கு பேரோடும் பெட்டிகளோடும் கிளம்புபவருக்கு அப்படி இல்லை. வாங்குபவர் இருவரில் தாம் யார் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ப்ளக்-இன் ஹைபிரிட்டின் தொடக்க நாள்களில் டிக்கியைப் பலி கொடுப்பதைப் பற்றி எவரும் தயங்கவில்லை. கலிஃபோர்னியாவில் ஃபீலிக்ஸ் கிரேமர் நிறுவிய கால்கார்ஸ் என்ற குழு, 2004-இல் ஒரு டொயோட்டா பிரியஸை வாங்கி அதன் டிக்கியில் ஈய-அமில பேட்டரிகளை அடுக்கி, சுவர்ப் பிளக்கில் சார்ஜ் ஏற்றிக் காட்டியது. கார் நிறுவனங்கள் முடியாது என்று சொன்னதை முடியும் என்று நிரூபிப்பதுதான் அவர்கள் நோக்கம்; பெட்டி வைப்பது அவர்கள் கவலையாக இருக்கவில்லை. வியப்பு என்னவென்றால், பெரிய நிறுவனங்கள் சில, எட்டு ஒன்பது வருடம் கழித்தும் ஏறக்குறைய அதையேதான் செய்தன.

ஃபோர்டு ஃப்யூஷன் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதே செடான் மூன்று வடிவங்களில் வந்தது. பெட்ரோல் ஃப்யூஷனின் டிக்கி 16 கன அடி, அதாவது சுமார் 453 லிட்டர். சாதாரண ஹைபிரிட்டில் 12 கன அடி. பிளக் உள்ள ஃப்யூஷன் எனர்ஜியில் 8.2 கன அடி, சுமார் 232 லிட்டர். படிப்படியாகப் பாதி. 7.6 யூனிட் பேட்டரியை, விரிப்புத் துணி ஒட்டிய ஒரு பெரிய மேடையாகப் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். டிக்கி மூடியைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் குறுகலான ஒரு பள்ளம். அதைத் தாண்டி மேடை. மேடைக்கும் மேல்கூரைக்கும் நடுவே தட்டையான பை மட்டும் நுழையும் ஓர் இடுக்கு. விமானப் பயணத்துக்குரிய பெரிய டிராலி பெட்டி ஒன்றை வைக்க, அதை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று யோசிக்க வேண்டும். ஹோண்டாவின் 2014 அக்கார்டு ப்ளக்-இன் செடானும் இதே வகை: 8.6 கன அடி. இந்த உடற்கூடுகளை வரைந்தவர்கள் பெட்ரோல் காரை மனதில் வைத்து வரைந்தார்கள். பேட்டரி பிறகு வந்த விருந்தாளி. விருந்தாளிக்குக் கிடைத்த ஒரே அறை டிக்கி.

செவர்லே வோல்ட் வேறு வழியில் போனது. 2010 டிசம்பரில் வந்த இந்தக் காரின் 16 யூனிட் பேட்டரி ஆங்கில எழுத்து டி வடிவத்தில், ஒன்றரை மீட்டருக்கும் அதிக நீளத்தில் இருந்தது. எடை 198 கிலோ. நீண்ட தண்டுப் பகுதி முன்சீட்டுகளுக்கு நடுவே கிடந்தது. குறுக்குப் பகுதி பின்சீட்டுக்கு அடியில். தொண்ணூறுகளில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ஈவி1 மின்சாரக் காரிலும் பேட்டரிக்கு இதே வடிவம்தான். டிக்கி 300 லிட்டர், மோசமில்லை. ஆனால் தண்டு நடுவே ஓடியதால் பின்பக்கம் நடுவில் உட்கார இடமில்லை. வோல்ட் நாலு பேர் கார் ஆகிவிட்டது. இங்கே தள்ளப்பட்டது பெட்டியில்லை, ஐந்தாவது ஆள். முதல் பிரியஸ் பிரைம் இரண்டையும் இழந்தது. 2017 மாடலாக வந்த அதில் 8.8 யூனிட் பேட்டரி டிக்கித் தரைக்கு அடியில் இருந்ததால் தரை மேடேறி, டிக்கி 19.8 கன அடியாகச் சுருங்கியது; அதே காலத்துப் பிரியஸில் 27.4 கன அடி வரை இருந்தது. போதாதென்று பின்பக்கம் இரண்டே சீட்டுகள். மூன்றாவது சீட்டு 2020 மாடலில்தான் வந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி 2015-இல் வருகிறது. வால்வோ எக்ஸ்சி90 டி8. ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யுவி, ப்ளக்-இன் ஹைபிரிட், மூன்றாவது வரிசை சீட்டும் அப்படியே இருக்கிறது. பேட்டரியை எங்கே வைத்தார்கள்? நான்கு சக்கரமும் இழுக்கும் வழக்கமான காரில், முன்னால் இருக்கும் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒன்று நடுத் தரைக்கு அடியில் ஓடும். அது ஓடுவதற்காகத்தான் பின்சீட்டில் நடுவில் உட்காருபவரின் காலடியில் அந்தத் திண்டு இருக்கும். டி8-இல் முன்சக்கரங்களை எஞ்சின் இழுக்கிறது. பின்சக்கரங்களைத் தனி மோட்டார் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இரும்புத் தண்டு தேவையில்லை, மின்கம்பி போதும். ஷாஃப்ட் ஓடிய சுரங்கம் காலியானது. அந்தச் சுரங்கத்தில் 9.2 யூனிட் பேட்டரியை நீளவாக்கில் செருகிவிட்டார்கள். பேட்டரியும் டேங்கும் ஒரே இடத்துக்குப் போட்டி போட வேண்டிய அவசியமே வரவில்லை. பின்னாளில் 18.8 யூனிட் பேட்டரி வந்தபோதும் அதே சுரங்கம்தான்.

இதை பிஎம்டபிள்யூ 330இ-யோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். பிஎம்டபிள்யூ பரம்பரையாகப் பின்சக்கரத்தில் இழுக்கும் கார். எஞ்சினும் கியர்பெட்டியும் நீளவாக்கில், மோட்டார் கியர்பெட்டிக்குள்ளேயே. ஆகவே புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடியே தீர வேண்டும், சுரங்கம் காலியில்லை. 12 யூனிட் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் போனது, டேங்க் அச்சின் மேல் ஏறியது, டிக்கி 480 லிட்டரிலிருந்து 375 ஆனது. நல்ல பொறியாளர்கள், நல்ல கார். எந்தச் சக்கரத்தை எது சுழற்றுகிறது என்ற பழைய முடிவு ஒன்று, ஐம்பது வருடம் கழித்து வாடிக்கையாளரின் பெட்டியில் கை வைக்கிறது.

கிறைஸ்லர் பசிஃபிகா ஹைபிரிட் இன்னும் அழகான விடை. அந்த மினிவேனின் பெட்ரோல் வடிவத்தில், இரண்டாம் வரிசை சீட்டுகள் மடிந்து தரைக்குள் மறைந்துகொள்ள இரண்டு ஆழமான குழிகள் உண்டு. 2017 மாடலாக வந்த ஹைபிரிட்டில் 16 யூனிட் பேட்டரியை அந்தக் குழிகளில் இறக்கிவிட்டார்கள். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருக்கும் 32.3 கன அடி சாமான் இடம் அப்படியே தப்பித்தது. இழப்பு வேறிடத்தில்: இரண்டாம் வரிசை சீட்டு இனித் தரைக்குள் மடியாது. அலமாரியோ கட்டிலோ ஏற்ற வேண்டுமானால் சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். குழந்தைகளோடு ஊர் சுற்றும் குடும்பத்துக்கு இது இழப்பே இல்லை. அடிக்கடி பெரிய சாமான் ஏற்றுபவருக்குத் தலைவலி. அவருக்கு விற்பனைச் சீட்டில் இருக்கும் எண் எந்த எச்சரிக்கையும் தராது.

மிட்சுபிஷி அவுட்லேண்டர் 2013 ஜனவரியில் ஜப்பானில் ப்ளக்-இன் ஹைபிரிட்டாக வந்தபோது 12 யூனிட் பேட்டரி தரைக்கு அடியில் நேர்த்தியாகப் படுத்திருந்தது. ஆனால் பின் மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் தனித்தனியே இடம் பிடித்ததால் மூன்றாம் வரிசை போய்விட்டது. 2021-இல் வந்த அடுத்த தலைமுறையில் அந்த இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். பேட்டரி 20 யூனிட்டாக வளர்ந்தும் ஏழு சீட்டு கிடைத்தது. மின்னணுப் பெட்டி ஒன்று சுருங்கியதால் இரண்டு குழந்தைகளுக்கு உட்கார இடம்.

இத்தனை லிட்டர், இத்தனை கன அடி என்று சொல்லிக்கொண்டே வருகிறேனே, அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள்? ஐரோப்பாவில் செங்கல் போன்ற கட்டைகளால். ஒவ்வொரு கட்டையும் 200 மில்லிமீட்டர் நீளம், 100 அகலம், 50 உயரம். சரியாக ஒரு லிட்டர். டிக்கிக்குள் எத்தனை கட்டைகளை அடுக்க முடிகிறதோ அத்தனை லிட்டர். அமெரிக்கச் செடான்களின் டிக்கியை அளக்கப் பல அளவுகளில் பெட்டிகள் கொண்ட ஒரு தொகுப்பு உண்டு. பின்கதவு உள்ள கார்களில் சிலர் சீட்டின் உயரம் வரை எண்ணுவார்கள், சிலர் கூரை வரை எண்ணுவார்கள். ஆகவே ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிடுவது வீண் வேலை.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் கட்டை எந்த மூலைக்குள்ளும் நுழையும். டிராலி பெட்டி நுழையாது. தரைக்கு அடியில் இருக்கும் சிறு பெட்டிகளையும் சக்கர வளைவின் பின்னால் இருக்கும் பொந்துகளையும் கட்டைகள் நிரப்பிவிடும், எண் பெரிதாகிவிடும். ப்ளக்-இன் ஹைபிரிட்டில் இது இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டியது. டேங்கோ பேட்டரியோ தரையை மேலே தள்ளும்போது, குறைவது பெரும்பாலும் உயரம். மென்மையான பைகளுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. நிமிர்த்தி வைக்கும் பெட்டிக்கும், குழந்தையின் தள்ளுவண்டிக்கும், சக்கர நாற்காலிக்கும் அதுவே எல்லாம். தரை நடுவில் படி இருந்தால் இன்னும் மோசம். முந்தைய தலைமுறை மெர்சிடிஸ் இ-கிளாஸ் ப்ளக்-இன் கார்களின் டிக்கியில் அப்படி ஒரு படி இருந்தது. பின்சீட்டை மடித்தாலும் சமதளம் கிடைக்காது. 400 லிட்டர் படியுள்ள டிக்கியைவிட, 350 லிட்டர் சமமான டிக்கி பயன்படும் என்பது என் கருத்து.

எனவே ஷோரூமுக்குப் போகும்போது தாளில் உள்ள எண்ணை நம்பாமல், வீட்டிலிருக்கும் பெரிய பெட்டியைக் கூடவே எடுத்துப்போவது மேல். விற்பனையாளர் சங்கடப்பட மாட்டார், பட்டாலும் பரவாயில்லை. டிக்கித் தரையை உயர்த்திக் காட்டச் சொல்ல வேண்டும். கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் அந்தக் காரை எப்படி யோசித்தார்கள் என்று தெரிந்துவிடும். அங்கே ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்தில் அநேகமாக ஸ்டெப்னி இருக்காது. பஞ்சரை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சிறு பம்பும் இருக்கும். இந்தியாவிலும் 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆக்கியது. நகரத்தில் இதனால் பெரிய தொல்லை இல்லை. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பசை உதவாது. இரவில், கடையில்லாத சாலையில் அது தெரியவரும். அடிக்கடி அப்படிப் பயணம் செய்பவர் ஸ்டெப்னி வைக்க வழியுள்ள காரைத் தேட வேண்டும், அல்லது டிக்கியில் அதற்கும் ஓர் இடத்தைக் கழித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது சார்ஜ் கேபிள். சுவர்ப் பிளக்கில் சொருகும் கேபிளின் நடுவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும்; சுருட்டினால் ஒரு சின்னக் கைப்பை அளவு. பல கார்களில் அதற்கென்று டிக்கித் தரைக்கு அடியில் ஓர் அறை கொடுத்திருப்பார்கள். ஷோரூமில் பார்க்க அழகாக இருக்கும். மூன்று பெட்டிகளையும் ஏற்றி, மேலே பழக்கூடையையும் வைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு விடுதியில் போய் இறங்கிச் சார்ஜ் போட நினைக்கும்போதுதான் அந்த அறையின் மூடி மூன்று பெட்டிகளுக்கும் அடியில் இருப்பது உறைக்கும். பயண நாளில் கேபிளை நீர்புகாத ஒரு பையில் போட்டு, கதவோரமாக, எல்லாவற்றுக்கும் கடைசியாக வைப்பதே நல்லது. மழையில் நனைந்த கேபிளைத் துணிப்பெட்டியின் மேல் போட வேண்டியிராது.

காற்றுத் துளையையும் சொல்ல வேண்டும். டொயோட்டா ஹைபிரிட்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றைப் பின்சீட்டின் பக்கத்தில் உள்ள ஒரு துளை வழியாகத்தான் விசிறி உறிஞ்சுகிறது. அதன்மேல் போர்வையோ பையோ சாய்ந்து கிடந்தால் பேட்டரி சூடேறும். சூடேறினால் கார் தன் மின்சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். இடம் போதாமல் பின்சீட்டிலும் சாமான் திணிக்கும் நாளில்தான் இது நடக்கும். கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ப்ளக்-இன் கார் இன்னும் அபூர்வம். வால்வோ, பிஎம்டபிள்யூ போன்ற விலை உயர்ந்த கார்களில்தான் எட்டிப் பார்த்தது. ஆனால் இதே தள்ளுமுள்ளை இங்கே பிளக் இல்லாத ஹைபிரிட்களிலேயே பார்க்கலாம். ஹோண்டா சிட்டியின் டிக்கி 506 லிட்டர். அதன் ஹைபிரிட்டில் 306. மாருதி கிராண்ட் விட்டாராவில் 373 லிட்டர், ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் 265. சிஎன்ஜி சிலிண்டரால் டிக்கியை மொத்தமாக இழந்தவர்களுக்கு இந்த வருத்தம் புதிதில்லை. டாடா 2023-இல் ஆல்ட்ரோஸில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் படுக்க வைத்து 210 லிட்டரை மீட்டது. பொருளைச் சுருக்க முடியாதபோது அதன் வடிவத்தை மாற்று என்ற அதே பொறியியல் யோசனை.

இடம் போதுமானதாக இருந்தாலும் எடை இடிக்கலாம். ஒவ்வொரு காருக்கும் ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ப்ளக்-இன் கார் ஏற்கெனவே நூற்றைம்பது, இருநூறு கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. பிரேக்கும் ஸ்பிரிங்கும் டயரும் அதற்கேற்ப வலுப்படுத்தப்படாவிட்டால், அந்தக் கூடுதல் எடை நம் சாமானின் பங்கிலிருந்து கழியும். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே எல்லையைத் தொட்டுவிடும் கார்கள் உண்டு. கனமான பெட்டியை டிக்கியின் வாய்ப்பக்கம் வைக்காமல் சீட்டின் முதுகை ஒட்டி, அச்சுக்கு நேராக, தாழ்வாக வைப்பதும், முழுச் சுமைக்கென்று ஒட்டுத்தாளில் போட்டிருக்கும் அளவுக்கு டயரில் காற்று ஏற்றுவதும் இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை.

இடம் பற்றாதபோது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கூரைமேல் கேரியர். ப்ளக்-இன் காரில் அது கடைசியாகத் தோன்ற வேண்டும். எடையும் காற்றும் இரண்டு வேறு வகை எதிரிகள். 45 கிலோ கூடுதல் சுமை எரிபொருள் சிக்கனத்தைச் சுமார் 1 சதவீதம்தான் குறைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. அதிலும் ஹைபிரிட்டுக்கு ஒரு சலுகை உண்டு: கனமான கார் வேகம் எடுக்கச் செலவான ஆற்றலில் ஒரு பகுதியை, பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குத் திருப்பிவிடும். காற்றைக் கிழிக்கச் செலவானது திரும்பாது. அது சாலையோரக் காற்றைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். கூரைமேல் பெரிய, மொட்டையான பெட்டியை வைத்து மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சிக்கனம் 10 முதல் 25 சதவீதம் வரை சரியும் என்று அதே துறை சொல்கிறது. காரின் பின்னால் மாட்டும் பெட்டியானால் நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம்தான். அது காரின் நிழலிலேயே, காற்று ஏற்கெனவே கலைந்த இடத்தில் வருகிறது. அறுபது கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடும் காரில் கால் பங்கு போனால் மீதி நாற்பத்தைந்து. வேலை முடிந்ததும் கேரியரைக் கழற்றி வைக்கச் சோம்பல்படுபவர், சார்ஜுக்குக் கட்டிய காசைத் தினமும் காற்றில் விடுகிறார்.

மலை ஏறும்போது எடை தன் பங்கைக் கேட்கும். கொலராடோவில் டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் சுமார் 3,400 மீட்டரைத் தொடுகிறது. 1,800 மீட்டர் ஏற்றம். ஆளும் பெட்டியுமாக 200 கிலோ கூடுதலாக இருந்தால், அந்த 200 கிலோவை மட்டும் அவ்வளவு உயரம் தூக்க ஏறக்குறைய 1 யூனிட் வேண்டும். வழியில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 9 யூனிட் பேட்டரியில் அது ஒன்பதில் ஒரு பங்கு. காரும் தன் எடையைத் தூக்கியாக வேண்டுமே; இரண்டு டன் கார் என்றால் அதற்கு மட்டும் 10 யூனிட். பேட்டரி பாதி வழியில் தீர்ந்து, சின்ன எஞ்சின் தனியாக முழுச் சுமையையும் இழுக்க நேரிடும். இதற்காகத்தான் வோல்ட்டில் மலைப்பாதைக்கென்று தனி ஓட்டமுறை வைத்து, பேட்டரியில் கொஞ்சத்தை முன்கூட்டியே சேமித்தார்கள். அப்படியொரு பொத்தான் இல்லாத காரிலும், சார்ஜைச் சேமிக்கும் முறை இருந்தால் சமவெளியில் எஞ்சினை ஓடவிட்டு, ஏற்றத்துக்கு மின்சாரத்தை வைத்துக்கொள்ளலாம்.

இறக்கத்தில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். மலைமேல் விடுதியில் தங்கி, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு சதவீதத்தோடு காலையில் கீழே இறங்கினால், மோட்டார் திருப்பித் தரும் ஆற்றலை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடமிருக்காது. சுமை ஏற்றிய கார் முழு எடையோடும் சாதாரண பிரேக்கை நம்பியோ எஞ்சினின் இழுவையை நம்பியோ இறங்க வேண்டியிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் போல்ட் மின்சாரக் காரில், மலைமேல் வீடு உள்ளவர்களுக்காகச் சார்ஜைச் சற்றுக் குறைவாக நிறுத்தும் வசதியை வைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான். அந்த வசதி இல்லாத காரில், சாமான்களை ஏற்றத் தொடங்கும் முன்பே, எண்பத்தைந்து தொண்ணூறு சதவீதம் காட்டும்போது கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிக் கதவோரம் வைத்துக்கொண்டால் போதும்.